குழலில் உள்ள பெயர் விற்றவருடையது: நகல் ரிவால்வரைச் செய்தவர் யாரென்று எதை வைத்து முடிவு செய்வது?

ஓஹாயோவில் ஒரு துப்பாக்கிச் சந்தையில்தான் என் முதல் கருமருந்து ரிவால்வரை வாங்கினேன். கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி மாதிரியின் நகல். எஃகுச் சட்டகம், 36 காலிபர் (குழல் துளையின் அளவு), வால்நட் மரக் கைப்பிடி. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர், "உபெர்ட்டி செய்தது, தைரியமாக வாங்கலாம்" என்றார். குழலின் மேல் ஓர் அமெரிக்க இறக்குமதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. பக்கவாட்டில் "மேட் இன் இத்தாலி". அதற்குமேல் நானும் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து, மாற்றிப் போட இன்னொரு சிலிண்டர் (மருந்தும் குண்டும் நிரப்பும் அறைகள் கொண்ட சுழலும் உருளை) இருந்தால் நல்லது என்று தோன்றியது. உபெர்ட்டி என்ற இத்தாலிய நிறுவனத்தின் சிலிண்டர் ஒன்றை வரவழைத்தேன். அச்சில் ஏறியது. சுத்தியை இழுத்தால் சுற்றவும் செய்தது. ஆனால் அறை குழலுக்கு நேரே வந்து நிற்கவில்லை. பூட்டு விழ வேண்டிய பள்ளம் ஒரு மயிரிழை தள்ளியிருந்தது. அந்த நிலையில் சுட்டால் ஈயக்குண்டு குழலின் பின்விளிம்பில் உரசிச் சிதறும். சிலிண்டருக்குக் கொடுத்த பணத்தைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. யார் செய்த பொருள் என்றே தெரியாமல் இத்தனை நாள் அதில் மருந்து நிரப்பிச் சுட்டிருக்கிறேன்.

செய்தவரைக் கண்டுபிடிக்க வழிகள் பல இருக்கின்றன. குழலில் உள்ள பெயர், சோதனைச் சாலையின் முத்திரை, செய்தவரின் சின்னம், வரிசை எண், உடல் அளவுகள், விவரம் தெரிந்தவரிடம் கேட்பது. ஒரே ரிவால்வரைப் பற்றி இவை வேறுவேறு பதில் தரும்போது எதை நம்புவது என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் முதலில் படும் பெயரைக் கடைசியில் வையுங்கள். குண்டைத் திணிக்கும் லீவருக்குக் கீழே ஒளிந்திருக்கும் சின்னத்தை முதலில் தேடுங்கள். இரண்டையும் சோதனை முத்திரையோடு ஒத்துப் பாருங்கள்.

குழப்பம் எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் இந்த வரிசை ஏன் என்று புரியும். 1950களின் இறுதியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. அந்தக் காலத்து ரிவால்வர்களைச் சுட ஆசைப்பட்டவர்கள் நிறைய. ஆனால் அசல் துப்பாக்கிகள் விலை ஏறிப்போயிருந்தன, நூறு வயதுப் பொருளைச் சுடுவதும் ஆபத்து. நியூஜெர்சியில் நேவி ஆர்ம்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய வால் ஃபோர்ஜெட், அவற்றைப் புதிதாகச் செய்து தர ஆள் தேடி வட இத்தாலிக்குப் போனார். பிரெஷியா மாவட்டத்தின் வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கு தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த ஊர்களால் ஆனது. பெரெட்டா குடும்பம் 1526 முதல் அங்கே குழல் செய்ததற்குப் பதிவு இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் விட்டோரியோ கிரெகொரெல்லியும் ஆல்டோ உபெர்ட்டியும் சேர்ந்து 1851 நேவியின் நகலைச் செய்து கொடுத்தார்கள்.

அது விற்றது. விற்றதும் சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் பலவும் அதே வேலையில் இறங்கின. உபெர்ட்டி தனியாக ஒரு நிறுவனம் தொடங்கினார். பியெட்டா சகோதரர்கள், அர்மி சான் மார்க்கோ, அர்மி சான் பாவ்லோ என்று வரிசை நீண்டது. அமெரிக்கப் பக்கத்திலும் இறக்குமதி செய்து விற்பவர்கள் பெருகினார்கள். ஒரு பட்டறை பல நிறுவனங்களுக்குச் செய்து கொடுத்தது. ஒரு நிறுவனம் இந்த ஆண்டு ஒரு பட்டறையிடமும் அடுத்த ஆண்டு இன்னொரு பட்டறையிடமும் வாங்கியது. விற்பவர் பெயர் குழலின் மேல் பெரிதாக விழுந்தது. செய்தவரின் அடையாளம் கீழே எங்கோ சின்னதாக விழுந்தது.

முதலில் அசலா நகலா

இதில் அதிகம் நின்று பேச ஒன்றுமில்லை, ஆனால் தாண்டிப் போகவும் கூடாது. கோல்ட் நிறுவனம் 1851 நேவியை 36 காலிபரில் மட்டுமே செய்தது, சட்டகம் பித்தளையில் அல்ல. எனவே "44 காலிபர் நேவி", அதுவும் பித்தளைச் சட்டகத்தோடு கைக்கு வந்தால் அது நகல் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். பித்தளைச் சட்டகம் போட்ட அசல்களும் உண்டு. இரும்பு கிடைக்காத தென்மாநிலத் தரப்பில், ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில் ஊரில் 1862 முதல் 1864 வரை கோல்ட் மாதிரியைப் பார்த்துச் செய்தார்கள். 1864 நவம்பரில் வடமாநிலத் தளபதி ஷெர்மனின் படை அந்த ஊரை எரித்தது. அங்கே செய்தவையும் 36 காலிபர்தான்.

அசல் கோல்ட்டில் சட்டகம், குழல், சிலிண்டர், கைப்பிடிப் பட்டை, ஆப்பு வரை பல பாகங்களில் ஒரே வரிசை எண்ணைப் பார்க்கலாம். திருகுகளின் மரை அங்குலக் கணக்கு. நகல்களில் மரை பெரும்பாலும் மெட்ரிக். சந்தேகம் இருந்தால் ஒரு திருகைக் கழற்றி மரை அளவியில் வைத்துப் பாருங்கள். அசல் என்று சொல்லிப் பெரிய விலை கேட்பவரிடம் இதைச் செய்யத் தயங்கவே கூடாது.

எதைச் செய்வதற்கு முன்னும், எல்லா நிப்பிள்களிலும் (ஒவ்வோர் அறையின் பின்னால் உள்ள சிறு குழாய்) கேப், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, இல்லை என்று பாருங்கள். பிறகு ஒவ்வோர் அறையிலும் ஒரு மரக்குச்சியை விட்டு, அது அடிவரை போகிறதா என்று பாருங்கள். பத்து வருடம் மேசை இழுப்பறையில் கிடந்த ரிவால்வரிலும் மருந்து நிரம்பியிருக்கலாம். கருமருந்து காய்ந்திருந்தால் அதன் வேகம் குறைவதில்லை.

குழலின் மேல் உள்ள பெயர்

பலரும் நம்புவது இதைத்தான். தேடுபொறியில் போட எளிது, தெளிவாகவும் இருக்கும். நேவி ஆர்ம்ஸ், லைமன், சிவிஏ, டிக்ஸி, ஈஎம்எஃப், சிமரோன், டெய்லர்ஸ், கபேலாஸ் எல்லாமே விற்றவர்களின் பெயர்கள். இவற்றில் சில நமக்குக் கொஞ்சம் உதவும். கபேலாஸ் கடையில் விற்ற கருமருந்து ரிவால்வர்கள் பெரும்பாலும் பியெட்டா செய்தவை. லைமன் பெயரில் வந்தவை பெரும்பாலும் உபெர்ட்டி. நேவி ஆர்ம்ஸ் விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. அந்த ஒரு பெயரின் கீழ் கிரெகொரெல்லி-உபெர்ட்டி கூட்டு, பிறகு உபெர்ட்டி, பியெட்டா, இன்னும் சில பட்டறைகளின் வேலையும் வந்திருக்கிறது.

"மேட் இன் இத்தாலி" என்ற வரியும் பட்டறை பெருமைக்காகப் போட்டது அல்ல. இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டம். எந்த நாடு என்பதற்கு அது பதில். எந்தப் பட்டறை என்பதற்கு அதில் பதில் இல்லை.

சோதனை முத்திரை

நான் அதிகம் நம்புவது இதைத்தான். செய்தவரும் சரி, விற்றவரும் சரி, இதைத் தாமாகப் போட முடியாது. இத்தாலியில் செய்யப்படும் துப்பாக்கி விற்பனைக்குப் போவதற்கு முன் கார்டோனே வால் ட்ரோம்பியாவில் உள்ள தேசியச் சோதனைச் சாலைக்குப் போக வேண்டும். வழக்கமான அளவைவிட அதிக அழுத்தம் தரும் மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை விழும். அமெரிக்காவில் இப்படி ஒரு கட்டாய தேசியச் சோதனைச் சாலை இல்லை. எனவே முத்திரையே இல்லாமல் இருப்பதுகூட ஒரு தடயம்தான். அதைக் கீழே பார்ப்போம்.

கருமருந்து ரிவால்வரில் தேட வேண்டியவை மூன்று. முதலாவது, கார்டோனே சோதனைச் சாலையின் சின்னம். மேலே நட்சத்திரம், கீழே கேடயம் போன்ற வடிவம். இரண்டாவது, நட்சத்திரத்தின் கீழ் பி, என் (PN) என்ற இரண்டு எழுத்துகள். இத்தாலிய மொழியில் "போல்வெரே நேரா" என்றால் கருமருந்து. அதன் முதலெழுத்துகள் இவை. இது இருந்தால் அந்தத் துப்பாக்கி கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. புகையில்லா மருந்தை அதில் போட்டால் சிலிண்டர் வெடிக்கக்கூடும். மூன்றாவது, சின்னப் பெட்டிக்குள் இருக்கும் ஆண்டுக் குறி.

இந்த ஆண்டுக் குறியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 1974 வரை ரோமன் எண்கள். அதைப் படிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணோடு 1944ஐக் கூட்டுங்கள். இரண்டு எக்ஸ் என்றால் 20, ஆண்டு 1964. மூன்று எக்ஸ் என்றால் 30, ஆண்டு 1974. எழுபதுகளின் தொடக்கத்தில் ரோமனும் சாதாரண எண்ணும் கலந்து வரும். இரண்டு எக்ஸும் அதன் பக்கத்தில் 8ம் இருந்தால் அது 28, அதாவது 1972. இதைப் புரியாத குறி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

1975இலிருந்து எழுத்துகள். ஏஏ 1975, ஏபி 1976, ஏசி 1977 என்று போகும். இங்கே ஆங்கில அகரவரிசையை விரல் விட்டு எண்ணினால் தவறிப்போகும். 1980 ஏஎஃப், ஆனால் 1981 ஏஎச். 1982 ஏஐ, அடுத்த ஆண்டு 1983 ஏஎல். இத்தாலிய அகரவரிசையில் ஜே, கே இல்லை, வேறு சில எழுத்துகளையும் விட்டுவிட்டார்கள். ஏஇசட் 1990. அங்கிருந்து பி (B) வரிசை. பிஏ 1991, பிஎன் 2000, பிஇசட் 2005. பிறகு சிஏ 2006. நடுவில் உள்ள ஆண்டுகளுக்கு முழுப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்ப்பதே சரி.

முத்திரை குழலில் ஒன்று, சட்டகத்தில் ஒன்று, சிலிண்டரில் ஒன்று என்று வெவ்வேறு இடங்களில் இருக்கும். எல்லாவற்றையும் படியுங்கள். சட்டகத்தில் ஓர் ஆண்டும் சிலிண்டரில் பத்து ஆண்டு தள்ளி இன்னோர் ஆண்டும் இருந்தால் அது இரண்டு ரிவால்வர்களைச் சேர்த்துக் கட்டியது. அந்தச் சிலிண்டரில் மருந்து நிரப்புவதற்கு முன், அறைகள் குழலோடு நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

இந்த முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. கார்டோனே என்று இருந்தால் சோதித்த இடம் கார்டோனே, அவ்வளவுதான். பியெட்டாவின் தொழிற்சாலை குஸ்ஸாகோ என்ற வேறோர் ஊரில் இருக்கிறது. ஆனால் அவர்கள் பொருளிலும் கார்டோனே முத்திரைதான். நாடு, ஆண்டு, என்ன மருந்து என்ற மூன்றுக்கும் முத்திரை உறுதியான பதில் தரும். பட்டறை எது என்பதற்கு வேறோர் இடத்தைப் பார்க்க வேண்டும்.

லீவருக்குக் கீழே

குண்டைத் திணிக்கும் லீவரைக் கீழே இறக்கினால், அதுவரை மறைந்திருந்த குழலின் அடிப்பக்கம் தெரியும். அங்கேதான் பட்டறைகள் தங்கள் சின்னத்தைப் போடும் வழக்கம் அதிகம். சட்டகத்தின் பக்கவாட்டிலும் கைப்பிடிக்குக் கீழேயும் சில நேரம் இருக்கும். சாய்வான வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் வேண்டும். சின்னம் தேய்ந்திருந்தால் வெள்ளைச் சாக்பீஸை அதன் மேல் தேய்த்து விரலால் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று எழுத்து தெரியும். துருவை எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள். ஆழமில்லாத முத்திரை ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

உபெர்ட்டி தன் பெயரையே போடுவார்கள், சில காலத்தில் பெயரின் முதலெழுத்துகளை. மிகப் பழைய நேவிகளில் கிரெகொரெல்லி, உபெர்ட்டி இருவரின் முதலெழுத்துகளான ஜி, யு இருக்கும். பியெட்டா சகோதரர்களின் சின்னம் வைர வடிவத்துக்குள் எஃப், ஏ, பி. அர்மி சான் மார்க்கோ ஏ, எஸ், எம். அர்மி சான் பாவ்லோவின் பழைய பொருள்களில் டி, ஜி, ஜி இருக்கும். அந்த நிறுவனம் பிறகு யூரோஆர்ம்ஸ் என்று பெயர் மாறியது. டி, ஜி, ஜி என்பதைப் பார்த்து யாரோ பெயர் தெரியாத பட்டறை என்று முடிவு கட்டி, நல்ல துப்பாக்கியைக் குறைந்த விலைக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும்.

என் ரிவால்வரின் லீவரை இறக்கிப் பார்த்தபோது அங்கே வைர வடிவம் இருந்தது. பெட்டிக்குள் ஏஎல். பியெட்டா, 1983. விற்றவர் சொன்ன உபெர்ட்டிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதைப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கும்போதே பார்த்திருக்கலாம்.

வரிசை எண்

கார் எஞ்சின் எண் போல இதை வைத்து முழு வரலாற்றையும் எடுத்துவிடலாம் என்று நினைப்போம். நடப்பதில்லை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898இலும் அதற்கு முன்பும் செய்த துப்பாக்கிகளையும், இன்றைய தோட்டாவைப் போட முடியாத அவற்றின் நகல்களையும் பழம்பொருள் என்று தனியே வைத்துவிட்டது. இந்தக் கூட்டாட்சிச் சட்டப்படி மற்றத் துப்பாக்கிகளுக்கு விற்பனையாளர் வைக்கும் பதிவேடு இவற்றுக்குக் கட்டாயமில்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஓர் எண் வரிசை வைத்திருந்ததால், ஒரே எண் மூன்று பட்டறைகளின் ரிவால்வர்களில் இருப்பதும் நடக்கும். செய்தவர் யாரென்று தெரிந்த பிறகு அவரிடம் கேட்கும்போது எண் உதவும். அதற்கு முன் உதவாது.

முத்திரை இல்லாதபோது உடலை அளப்பது

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காட்சிகளை அந்தக் கால உடையோடு நடித்துக் காட்டும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. அவர்களில் சிலர் நவீன எழுத்து கண்ணில் படக் கூடாது என்று "மேட் இன் இத்தாலி", "கருமருந்து மட்டும்", இறக்குமதியாளர் பெயர் எல்லாவற்றையும் அரத்தால் ராவி, மறுபடி நீலமேற்றிவிடுவார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் குழலின் தட்டையான பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். ராவிய இடம் லேசான குழியாகத் தெரியும். எழுத்து இல்லை என்பதால் பட்டறை இல்லை என்று ஆகிவிடாது. உடலில் அடையாளம் இருக்கும்.

கோல்ட் மாதிரி ரிவால்வர்களில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை நடு அச்சின் நீளம். குழலைச் சட்டகத்தோடு பிடித்து நிறுத்துவது ஓர் ஆப்பு. அதை மரச்சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, குழலையும் சிலிண்டரையும் கழற்றுங்கள். பிறகு சிலிண்டர் இல்லாமல், குழலை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்து அச்சில் முழுவதும் தள்ளுங்கள். குழலின் அடிமடல் சட்டகத்தின் முன்விளிம்போடு ஒட்டி நின்றால், அச்சு குழலுக்குள் இருக்கும் துளையின் அடியைத் தொடுகிறது. மடல் சட்டகத்தையும் தாண்டிப் பின்னால் போனால் அச்சு குட்டை. உபெர்ட்டி செய்த கோல்ட் மாதிரிகளில் அச்சு குட்டையாக இருப்பது வழக்கம். பியெட்டாவில் அது துளையின் அடிவரை போய்த் தொடும். அச்சு குட்டையாக இருந்தால் ஆப்பை எவ்வளவு ஆழம் அடிக்கிறோமோ அதற்கேற்ப சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி மாறும். எனவே இது சுடுபவருக்கும் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் இதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குட்டை அச்சைத் தெரிந்தவர்கள் துளைக்குள் ஓர் எஃகு வில்லை போட்டுச் சரி செய்துவிடுவார்கள். உள்ளே வெளிச்சம் அடித்து வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். ரெமிங்டன் என்ற இன்னொரு நிறுவனத்தின் மாதிரியில் மேல்பட்டையோடு ஒரே துண்டாகச் சட்டகம் இருப்பதால் இந்தச் சோதனைக்கு அங்கே இடமில்லை.

கைப்பிடியும் பேசும். பழைய பியெட்டா நேவிகளின் கைப்பிடி அடியில் மணியின் வாய்போல விரிந்திருக்கும். உபெர்ட்டியின் கைப்பிடி ஒல்லியாக, அசல் கோல்ட்டின் வளைவுக்கு நெருக்கமாக இருக்கும். இரண்டையும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவருக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் வித்தியாசம் தெரியும். என் ரிவால்வரின் கைப்பிடியும் அடியில் விரிந்துதான் இருந்தது. வாங்கிய அன்று அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஏனென்றால் ஒப்பிட இன்னொன்று என் கையில் இல்லை. பியெட்டா பிற்காலத்தில் வடிவத்தைத் திருத்தினார்கள், ஆகவே ஒல்லியான கைப்பிடி என்பதால் மட்டும் உபெர்ட்டி என்று சொல்லிவிட முடியாது.

சிலிண்டரில் பொறித்த கடற்போர்க் காட்சியை வைத்துச் சிலர் பட்டறை சொல்வார்கள். அசல் 1851 நேவியில் அந்தக் காட்சி, 1843 மே மாதம் டெக்சாஸ் கடற்படை மெக்சிக்கோவின் கம்பேச்சே அருகே நடத்திய சண்டை. வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி செதுக்கியது. நகல்களில் பொறிப்பின் ஆழமும் கோட்டின் கூர்மையும் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும் என்பது உண்மைதான். ஆனால் தேய்ந்த பொறிப்பையும் ஆழமில்லாத பொறிப்பையும் பிரித்துச் சொல்வது கடினம். நான் இதை நம்புவதில்லை.

கார்டோனே முத்திரை இல்லாத மூன்று நல்ல துப்பாக்கிகள்

நகல் என்றாலே இத்தாலி என்று பழகியவர்கள் இங்கே தவறு செய்வார்கள். நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி எழுத்துகளும் மேலே கிரீடமும் இருந்தால் அது பெல்ஜியத்தின் லீஜ் நகரச் சோதனைச் சாலை. கோல்ட்டின் 1860 ஆர்மி மாதிரியில் அதுவும், கூடவே பாதி மனிதன் பாதி குதிரை உருவமும் இருந்தால் உங்களிடம் இருப்பது "சென்டார்". சிகாகோவின் சென்டெனியல் ஆர்ம்ஸ் இறக்குமதி செய்தது, லீஜ் நகரில் செய்தது. 1960களில் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை வந்தது. அதே லீஜ் நகரத்துப் பட்டறைகள் 1850களில் சாமுவேல் கோல்ட்டிடமே உரிமம் பெற்று அவர் ரிவால்வரைச் செய்திருக்கின்றன. சேகரிப்பவர்கள் சென்டாரைத் தேடி வாங்குகிறார்கள். இதை இத்தாலிய நகல் விலைக்கு விற்றுவிடாதீர்கள்.

முத்திரையே இல்லாமல், வேலைப்பாடு மட்டும் மிக உயர்வாக இருந்தால் கோல்ட் நிறுவனமே மறுபடி செய்தவை நினைவுக்கு வர வேண்டும். 1971 முதல் 1982 வரை வந்தவற்றை இரண்டாம் தலைமுறை என்பார்கள். அவற்றின் முரட்டு வார்ப்புகள் இத்தாலியிலிருந்து வந்தன, உபெர்ட்டி வழியாக. அமெரிக்காவில் தேய்த்து, பொருத்தி, முடித்தார்கள். அப்படியானால் அதன் ஊர் எது? என்னைக் கேட்டால் அமெரிக்கா என்றே எழுதுவேன். கோல்ட் தன் பெயரில் பொறுப்பேற்று முடித்த வேலை அது. ஆனால் உதிரி பாகம் தேடும்போது இத்தாலிய வேரை மறக்காதீர்கள். 1994 முதல் 2002 வரை நியூயார்க்கின் புரூக்ளினில் உரிமத்தோடு வந்தவை மூன்றாம் தலைமுறை. கைப்பிடியின் பின்பட்டையில் சாமுவேல் கோல்ட்டின் கையெழுத்து பொறித்திருக்கும்.

ரோஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற இன்னொரு பழைய ரிவால்வரின் மாதிரியில் இத்தாலியின் யூரோஆர்ம்ஸும் ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவும் வேலை செய்திருக்கிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும், விலையில் வெகுதூரம். அங்கே சோதனை முத்திரை எந்த நாட்டுடையது என்ற ஒன்றே போதும்.

கேட்டுத் தெரிந்துகொள்வது

உபெர்ட்டி இன்று பெரெட்டா குழுமத்துக்குள் இருக்கிறது, பியெட்டா நடக்கிறது. எண்ணும் படங்களும் அனுப்பிக் கேட்கலாம். அர்மி சான் மார்க்கோ இன்று இல்லை. யூரோஆர்ம்ஸும் மூடப்பட்டது. அவர்கள் செய்தவற்றுக்குக் கேட்க ஆள் கிடையாது, சுடுதளங்களில் இருக்கும் பழைய கைகள்தான் கதி. அவர்களிடம் போகும்போது "இது யார் செய்தது" என்று கேட்காதீர்கள். லீவருக்குக் கீழே இன்ன சின்னம், பெட்டிக்குள் இன்ன எழுத்து, அச்சு இப்படி நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். முதல் வகைக் கேள்விக்கு ஊகம் கிடைக்கும், இரண்டாவது வகைக்கு விவரம் கிடைக்கும். துப்பாக்கியைப் பணத்துக்கு விற்கிறவரிடம் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்பது நான் பணம் கொடுத்துப் படித்தது.

தேவை எதுவோ அதற்கேற்ப வழியும் மாறும். உதிரி பாகம் வாங்க வேண்டுமென்றால் லீவருக்குக் கீழே உள்ள சின்னமும் ஆண்டுக் குறியும் சேர்ந்து வேண்டும். ஒரே பட்டறையிலும் காலத்துக்குக் காலம் அளவு மாறியிருப்பதால் ஒன்று மட்டும் போதாது. நிப்பிளின் மரையைத் தனியாக அளந்துதான் வாங்க வேண்டும். சுடுவதற்கு மட்டும் என்றால் பி, என் முத்திரை எல்லாப் பாகங்களிலும் இருக்கிறதா, ஆண்டு ஒத்துப்போகிறதா என்பதே போதும், பட்டறை பெயர் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. விலை பேசுவதற்கு என்றால் சின்னம், ஆண்டுக் குறி, பி, என் முத்திரை மூன்றும் வேண்டும், கூடவே எதுவும் ராவப்படவில்லை என்ற உறுதியும் வேண்டும். முத்திரை முழுவதும் போன ஒன்றுக்கு உடல் அளவுகளை வைத்து நான் "பெரும்பாலும் பியெட்டா" என்றுதான் எழுதுவேன், "பியெட்டா" என்று எழுத மாட்டேன்.

அந்த உபெர்ட்டி சிலிண்டர் ஒன்றரை வருடம் என் பெட்டியில் கிடந்தது. சுடுதளத்தில் பழக்கமான ஒருவர் தன் நேவிக்குச் சிலிண்டர் தேடுவதாகச் சொன்னார், தன்னுடையது உபெர்ட்டி என்றும் சொன்னார். அவர் ரிவால்வரை வாங்கி, அறைகள் காலியா என்று பார்த்துவிட்டு, லீவரைக் கீழே இறக்கி டார்ச் அடித்தேன். உபெர்ட்டியின் பெயர் தெளிவாக இருந்தது. அதன் பிறகுதான் சிலிண்டரை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, கொஞ்சம் பொருத்தும் வேலைக்குப் பிறகு, ஆறு அறைகளும் நேராக வந்து நிற்கின்றன என்று சொன்னார்.